மான் வேட்டை நாளுக்குப் பையில் என்ன, டிபனில் என்ன

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டை வருஷத்துக்கு ஒன்பது நாள். நவம்பர் நாலாவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையோடு முடியும். தொடக்க நாள் விடியற்காலை மூன்றரைக்கு எங்கள் வீட்டில் சப்பாத்திக்கல் காய்ந்துகொண்டிருக்கும். கணவர் போர்வைக்குள் இருந்தபடியே, "கறிக்கடை எட்டு மணிக்குத் திறந்துடும், போய் வாங்கிக்கலாமே" என்பார். ஏழு வருஷமாக இதே வசனம்தான்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். துப்பாக்கியை முதன்முதலில் கையில் எடுத்தது முப்பத்தெட்டு வயதில். பழக்கியவர் பக்கத்துப் பண்ணைக்காரர், மாடுகளை எல்லாம் விற்றுவிட்டு ஓய்ந்திருக்கிற பெரியவர். அவர் நிலத்தில் ஓக் மரங்கள் முடிந்து மக்காச்சோளக் காடு தொடங்குகிற ஓரத்தில், மரத்தோடு ஏணி வைத்துக் கட்டிய இருக்கை ஒன்று இருக்கிறது. இங்கே அதை ட்ரீ ஸ்டாண்ட் என்கிறார்கள். சோளக்காட்டுக் காவலுக்கு நம்மூரில் போடுவோமே, அந்தப் பரண்தான். நான் பரண் என்றே எழுதுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். இங்கே நிலவரம் வேறு. மானின் எண்ணிக்கையைப் பார்த்து, எந்த வட்டாரத்தில் எத்தனை அனுமதி என்று மாநில அரசே முடிவு செய்கிறது. 1973 ஜனவரி 1-க்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்குவதற்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். எச்-1பி என்கிற வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்காமல் துப்பாக்கிக் கடை வாசலை மிதிக்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேட்டை என்றதும் எல்லாரும் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த ரகம், எவ்வளவு தூரம் சுடும், தோளில் உதைக்குமா என்று. துப்பாக்கிக்கு அன்றைக்கு வேலை இரண்டு நொடி. பல நாள் அதுவும் இருக்காது. மீதி பத்து மணி நேரமும் மைனஸ் ஐந்து டிகிரியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேட்டை. காலையில் பத்து மணிக்குக் கால் விறைத்து இறங்கி வருபவருக்கு மான் கிடைக்காது. சாயங்காலம் நாலு மணிக்கும் பரணில் இருப்பவருக்குக் கிடைக்கும். அதனால் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்று: கால் சூடாக இருக்க வேண்டும், வயிறு காயக் கூடாது, நம்மிடமிருந்து சத்தமும் வாசனையும் வரக் கூடாது.

முதல் வருஷம் மூன்றிலும் கோட்டை விட்டேன். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். பருத்தித் துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது; நடந்த வேர்வை அப்படியே முழங்காலில் குளிர்ந்து நின்றது. போதாததற்கு அம்மா அனுப்பிய சாத்தூர் சேவுப் பொட்டலம். எட்டரை மணி சுமாருக்குப் பசி தாங்காமல் பிரித்தேன். அந்த பிளாஸ்டிக் கவர் எழுப்பிய சத்தம் இருக்கிறதே! காட்டில் பனி விழுந்த காலையில் இலை உதிர்வதுகூடக் கேட்கும். நாற்பது கெஜத்தில் ஒரு பெட்டை மான் நின்றிருந்ததையே அப்போதுதான் பார்த்தேன். அது என்னை அதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்.

அடுத்த வருஷத்திலிருந்து கற்றுக்கொண்டவை இவை.

உடையை எங்கே வைக்கிறோம் என்பதில் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் தாளிக்கிற வாசனை அலமாரிக்குள்ளும் போகும். வெள்ளைக்காரப் பெரியவர் என் ஜாக்கெட்டை ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மானுக்கு இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடும்" என்றார். மானுக்கு மூக்குதான் எல்லாம். இப்போது வேட்டை உடுப்பு அத்தனையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கராஜில் இருக்கிறது. வாசனையும் வெளுப்பும் சேர்க்காத சோப்புப் பொடியில் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, நேராக டப்பாவுக்குள். காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கார் பக்கத்தில் நின்றுதான் போட்டுக்கொள்வேன். பெருங்காய டப்பாவைத் திறந்த கையோடு கையுறையைத் தொடுவதும் இல்லை.

வெளுப்புச் சேர்க்காத சோப்பு ஏன் என்றால், மானின் கண்ணுக்கு நீலம் பளிச்சென்று தெரியும். துணியை வெள்ளையாகக் காட்ட சோப்பில் போடுகிற சாயம் அதற்கு விளக்குப் போட்டது மாதிரி. ஆரஞ்சும் சிவப்பும் அதற்குப் பிரித்துத் தெரியாது. அதனால்தான் ஆரஞ்சு நிறத்தைச் சட்டமே போடச் சொல்கிறது: மற்ற வேட்டைக்காரர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும், மானுக்குத் தெரிய வேண்டாம். இடுப்புக்கு மேலே வெளியில் தெரிகிற துணியில் பாதியாவது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சாக இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதற்கும் இதே கணக்கு. 2016-லிருந்து விஸ்கான்சினில் பளீர் இளஞ்சிவப்பும் செல்லும். பெண்களை இழுக்கலாம் என்று கொண்டுவந்தார்களாம். எனக்கு அந்த நிறம் பிடிக்காது, ஆரஞ்சிலேயே இருக்கிறேன்.

உள்ளே அடுக்கு அடுக்காகப் போடுங்கள். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதற்கு மேல் தடித்த கம்பளி ஸ்வெட்டர், கடைசியில் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். ஆனால் இதையெல்லாம் போட்டுக்கொண்டு பரண் வரை நடக்காதீர்கள்! அரை மைல் நடந்தால் நனைந்துவிடும், அப்புறம் நாள் முழுக்க அந்த ஈரத்தோடு உட்கார வேண்டும். ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு, கொஞ்சம் நடுங்கியபடியே நடங்கள். பரணில் ஏறி ஐந்து நிமிஷம் மூச்சு அடங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆரஞ்சு மட்டும் எப்போதும் மேலே இருக்க வேண்டும். அதற்காகவே மெல்லிய ஆரஞ்சு பனியன் மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன், ஸ்வெட்டருக்கு மேலே மாட்டிக்கொள்ள.

பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். நல்ல தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று, விரலை ஆட்ட இடம், அவ்வளவு போதும். பரணின் இரும்புத் தட்டில் நேராகக் கால் வைத்தால் குளிர் உள்ளங்கால் வழியே ஏறும். பழைய யோகா விரிப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டைக் காலுக்கடியில் போடுகிறேன். இன்னொரு துண்டு உட்காருவதற்கு. செலவே இல்லாத சாமான், ஆனால் என் பையில் எதை எடுத்தாலும் இதை எடுக்க விடமாட்டேன்.

கைச்சூட்டுப் பொட்டலங்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். உள்ளே இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டதும் வேகமாகத் துருப்பிடிக்கும், அந்தச் சூடுதான். காற்று இல்லாமல் அது வேலை செய்யாது. பூட்ஸுக்குள் திணித்துவிட்டு, சூடே வரவில்லை என்று திட்டுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வண்டியிலேயே பிரித்து, கால் மணி நேரம் வெளியே வைத்துச் சூடேற்றிவிட்டு உள்ளே போடுங்கள். பாதியில் இறங்கிவிட்டால், மீதியைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் மூடி வைத்தால் அடுத்த நாளும் ஆகும்.

பரணில் ஏறுகிறவர்கள் ஹார்னஸ் இல்லாமல் ஏறவே கூடாது. தோளையும் தொடையையும் சேர்த்துக் கட்டுகிற முழு உடம்பு ஹார்னஸ்; தரையிலிருந்து கால் எடுக்கும்போதே கயிற்றில் மாட்டிக்கொண்டு, மறுபடி தரை தொட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். இங்கே வேட்டைக்காரர்களைப் பெரிதாக முடக்குவது தோட்டாவைவிட மரத்திலிருந்து விழுவது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, கீழே கயிற்றில் கட்டி வைத்து, நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாக இழுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கயிற்றிலேயே பையும் ஏறும். தூரத்தில் ஏதோ அசைகிறது, என்னவென்று பார்க்க வேண்டும் என்றால் பைனாகுலரை எடுங்கள். துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியால் பார்ப்பது ஒரு மனிதரை நோக்கித் துப்பாக்கி நீட்டுவதுதான்.

பையில் மற்ற சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் மாட்டுகிற விளக்கு, கூடவே மாற்று பாட்டரி. குளிரில் பாட்டரி சீக்கிரம் செத்துப்போகும். அதனால் பாட்டரியும் செல்போனும் சட்டை உள்பைக்குள், உடம்புச் சூட்டில். நிலத்தின் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது. விசில், லைட்டர், ரத்தம் நிறுத்தும் இறுக்குப் பட்டை. மடங்காத நாலு அங்குலக் கத்தி ஒன்று. பெரிய கத்தி சினிமாவுக்கு. தோள்வரை வரும் ரப்பர் கையுறை. இழுப்பதற்குக் கயிறு. பனி இருந்தால் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிற பிளாஸ்டிக் படகு, மானை இழுத்து வர அதைப்போல் வசதி கிடையாது. எங்கள் பையனுடையதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் ஒரு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கப் பொடி டப்பா விற்கிறார்கள். பெரியவர் அதை வாங்க மாட்டார். இலையுதிர்காலத்தில் இங்கே வெடித்து நிற்கும் மில்க்வீட் காயைப் பறித்து, அதன் பஞ்சை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருப்பார். ஒரு இழையை விட்டால் போதும், காற்று போகிற வழியெல்லாம் அது மிதந்து காட்டும். பொடி பத்தடியில் மறைந்துவிடும். அவர் முதன்முதலில் அதை என் கையில் கொடுத்தபோது சிரித்துவிட்டேன். அச்சு அசல் எருக்கம்பஞ்சு. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஊதி விட்டுத் துரத்தினது இதைத்தானே.

இப்போது சாப்பாடு. இதில் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன்.

சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் வேட்டை நேரம் தொடங்கும்; நவம்பர் கடைசியில் எங்கள் பக்கம் அது ஆறரை மணி வாக்கில். அதற்குள் பரணில் உட்கார்ந்து அடங்கியிருக்க வேண்டும். எனவே வீட்டிலேயே நாலு மணிக்கு ஒழுங்காகச் சாப்பிட்டுவிடுங்கள். நான் நெய் விட்ட வெண்பொங்கல் சாப்பிடுவேன். தூக்கம் வரும் என்பார்கள். மைனஸ் ஐந்தில் யாருக்கும் தூக்கம் வராது.

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை எதையும் வாயில் போடுவதில்லை. மான் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். கை பையில் இருக்கும்போதுதான் மான் வரும் என்பது என் அனுபவம். அப்புறம் முக்கியமான நேரம் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை. மற்றவர்கள் குளிரிலும் பசியிலும் இறங்கி, வண்டிக்கு நடந்து, சூப் குடிக்கப் போவார்கள். அந்த நடமாட்டத்தில் புதருக்குள் படுத்திருந்த மான்கள் எழுந்து நகரும். நகர்கிற மான் அசையாமல் இருப்பவரிடம்தான் வரும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு இறங்காதீர்கள். சாப்பாடு பரணுக்கு வரட்டும்.

அப்படியென்றால் அந்தச் சாப்பாடு உறையக் கூடாது, நொறுங்கக் கூடாது, மணக்கக் கூடாது, ஒரு கையால் சாப்பிட வருவதாக இருக்க வேண்டும். இந்த நாலு விதியிலும் நம் பலகாரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன்.

தயிர்சாதம் ஆகாது. பத்து மணிக்குள் ஐஸ்கிரீம் ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் விட்ட எதுவும் ஆகாது. இருபத்துநாலு டிகிரிக்குக் கீழேயே உறைகிற எண்ணெய், இங்கே மெழுகாக நாக்கில் ஒட்டும். நல்லெண்ணெய் அப்படி உறையாது. ஆகவே இட்லிப்பொடி தடவுவதென்றால் நல்லெண்ணெயில் தடவுங்கள். ஆனால் இட்லியே குளிரில் விறைத்து ரப்பர் பந்தாகிவிடுகிறது, அதனால் அதையும் விட்டுவிட்டேன். புளியோதரை பரவாயில்லை, ஆனால் கரண்டி வேண்டும், கையுறை கழற்ற வேண்டும், வாசனையும் ஊரைக் கூட்டும்.

ஜெயித்தது சப்பாத்தி சுருட்டுதான். மாவில் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்தால் ஆறிய பிறகும் மிருதுவாக இருக்கும். உள்ளே மிளகு போட்ட முட்டைப் பொடிமாஸ், வெங்காயம் இல்லாமல். சுருட்டி, அலுமினியத் தாளில் சுற்றாமல் (அதுவும் சத்தம்) மெல்லிய துணியில் சுற்றி, ஜாக்கெட்டின் உள்பையில் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வேன். பதினோரு மணிக்கும் இளஞ்சூடாக இருக்கும், போனஸாக வயிற்றுக்கும் சூடு. நாலு சுருட்டு போதும்.

நடுவே கொறிக்க, கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. வேர்க்கடலையும் வெல்லமும், இதைவிட வேட்டைக்கு என்ன வேண்டும்? ஆனால் குளிரில் கல்லாகிவிடும், கடித்தால் சத்தம் மட்டுமில்லை, பல்லும் போகும். வீட்டிலேயே சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, மாத்திரை டப்பா மாதிரி ஒன்றில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டால் கால் மணி நேரம் ஓடும். எள்ளுருண்டையும் அப்படியே. பேரீச்சம்பழம் கொட்டை நீக்கி, உள்ளே முந்திரி வைத்தது இன்னும் நல்லது. மென்றால் சத்தமே வராது. முறுக்கு, சேவு, மிக்சர் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். கடைச் சாக்லேட் கொண்டுபோனால் உறையை முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

பிளாஸ்கில் ஊற்றுவதற்கு முன்னால், கொதிக்கும் தண்ணீரை விட்டு ஐந்து நிமிஷம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள். மதியம் வரை சுடும். எனக்குச் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி கரைத்தது. காபி மணம் மானுக்கு எட்டுமா என்று கேட்பார்கள். எட்டும்தான், ஆனால் காற்று நம் முகத்தில் அடிக்கிற பக்கம் உட்கார்ந்திருந்தால் கவலையில்லை. தப்பான பக்கம் உட்கார்ந்தால் காபி இல்லாமலும் நம் மனித வாடையே போதும் காட்டிக்கொடுக்க. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல் பக்கத்திலிருந்து கட்டும், நிமிர்த்தும்போது வாய்ப் பக்கம் தண்ணீராக இருக்கும்.

பெண்களுக்கு ஒரு விஷயம், யாரும் சொல்லாதது. ஒன்றுக்குப் போவதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். உடம்பில் நீர் குறைந்தால் குளிர் இன்னும் சீக்கிரம் தாக்கும். தோள்பட்டை வைத்த முழுக்காற்சட்டை வாங்கும்போது பக்கவாட்டில் இடுப்பு வரை ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்களின் அளவில் விற்பதைக் குறைத்துப் போட்டுக்கொண்டு நான் இரண்டு வருஷம் பட்ட பாடு போதும். அகல வாய் டப்பா ஒன்று இறுக்க மூடியோடு பையின் அடியில் கிடக்கட்டும். ஹார்னஸைக் கழற்றாமல் சமாளிக்கப் பழக வேண்டும், வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்.

எனக்கு முதல் மான் கிடைத்தது மூன்றாவது வருஷம், பதினொன்று நாற்பதுக்கு. வாயில் பாதிச் சப்பாத்தி. பெரியவருடைய தம்பிகள் மூன்று பேர் சாப்பிட இறங்கி நடந்த கால் மணி நேரத்துக்குள், ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டை தானாக நடந்து வந்தது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அப்படியே வாயில் வைத்துக்கொண்டுதான் சுட்டேன். வேலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். குடலைச் சீக்கிரம் எடுத்து உடம்பை ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் கறி கெடும். முதல் மானுக்குப் பழக்கமானவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. எழுதிப் படித்துக் கற்கிற வேலை இல்லை அது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் மானைப் பதிவு செய்துவிட வேண்டும். எங்கள் தென்மேற்குப் பக்கம் மான்களுக்கு சி.டபிள்யூ.டி. என்கிற மூளைநோய் உண்டு, 2002-இல் மவுன்ட் ஹோரெப் பக்கம் முதலில் தெரிய வந்தது. மாநில இயற்கை வளத்துறை இலவசமாகவே பரிசோதித்துத் தருகிறது. தலையைக் கொண்டுபோய் அதற்கென வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வைத்திருங்கள். நோய் இருந்தால் சாப்பிடக் கூடாது.

கடைசியாகக் கார். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த துப்பாக்கியை உறையிலிருந்து உடனே எடுத்தால் முழுக்க வேர்த்துவிடும். உறையோடு கராஜில் இரண்டு மணி நேரம் விட்டு, அப்புறம் துடையுங்கள். பின் சீட்டில் உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி, செருப்பு, இரண்டாவது பிளாஸ்க், மேலே சொன்ன சேவுப் பொட்டலம் எல்லாம் தயாராக இருக்கும். கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, பொட்டலத்தை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பிரிக்கலாம்.